சின்னக் குழந்தைகளுக்கு உற்றுக் கவனிக்கும் பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது?

நான்கைந்து வயதுக் குழந்தைக்கு இதற்கெனத் தனி வகுப்போ விலை உயர்ந்த பொம்மையோ தேவையில்லை. அவர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம்தான் "சீக்கிரம் வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறோம்.

ஓர் எறும்பு வரிசை போதும். பக்கத்தில் உட்காருங்கள். "எறும்புக்கு ஆறு கால்" என்று பாடம் எடுக்காமல், "எதிரே இன்னொரு எறும்பு வந்தா என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். சில எறும்புகள் சற்று நின்று உணர்கொம்பால் தொட்டுக்கொள்வதைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் வரையச் சொல்லுங்கள். நான்கு கால் போடலாம், வயிற்றிலிருந்து கால் முளைக்கலாம். திருத்தாதீர்கள். "இன்னொரு தடவை பார்த்துட்டு வரலாமா?" என்றால் போதும். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால், ஆறு காலும் உடலின் நடுப்பகுதியிலிருந்துதான் கிளம்புகின்றன என்பது தெரிந்துவிடும். இங்கே ஓவியம் அழகுக்காக இல்லை, திரும்பப் பார்க்க வைக்கத்தான்.

காதுக்கும் வேலை கொடுக்கலாம். 1907-ல் ரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற பள்ளியைத் தொடங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையில் ஒலிப்பெட்டிகள் உண்டு: பார்க்க ஒரே மாதிரி இருக்கும், குலுக்கி, ஒரே சத்தம் வருவதை ஜோடி சேர்க்க வேண்டும். மணல், பொத்தான், கூழாங்கல் போட்டு வீட்டிலேயே செய்யலாம். (வாயில் போடும் வயது என்றால் மூடியை நன்றாக ஒட்டிவிடுங்கள்.)

ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடினால் சரி, விட்டுவிடுங்கள். "என்ன கத்துக்கிட்ட?" என்று பரீட்சை வைத்தால் மறுநாள் எறும்புப் பக்கமே வராது.