பிரேசிலின் கறுப்பினப் பெண்கள்: கேள்வி பதில்

அக்கா, பிரேசில் என்றால் எனக்குப் பெலேயும் சம்பாவும்தான் தெரியும். அந்நாட்டுக் கறுப்பினப் பெண்களில் யாரைப் பற்றி முதலில் படிக்கலாம்?

லாவ்டெலினா டி காம்போஸ் மெலோ. 1904இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் பிறந்தவர், சின்ன வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனவர். 1936இல் சான்டோஸ் துறைமுக நகரத்தில் வீட்டுப் பணியாளர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். அப்போதைய அதிபர் வர்காஸின் சர்வாதிகார ஆட்சியில் அது மூடப்பட்டது. அவர் விடவில்லை. 1961இல் காம்பினாஸ் நகரத்தில் மறுபடியும் சங்கம் கட்டினார். 1991இல் இறந்தபோது சொந்த வீட்டையும் சங்கத்துக்கே விட்டுச் சென்றார். நான் மிகவும் மதிக்கும் பெண்களில் ஒருவர்.

வீட்டு வேலைக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம், மேடம்?

நிறைய இருக்கிறது. 1888இல் அடிமை முறையை ஒழித்தார்கள், ஆனால் விடுதலையானவர்களுக்கு நிலமோ படிப்போ தரவில்லை. பெண்கள் பலர் வயிற்றுப்பாட்டுக்காக அதே முதலாளி வீட்டுச் சமையலறைக்கே திரும்பினார்கள். பழைய அடுக்குமாடி வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் வேலைக்காரப் பெண்ணுக்கென்று ஓர் இருட்டறை இருக்கும். அவர் ஏறி இறங்கத் தனி லிஃப்ட்.

சட்டமும் கைவிட்டது. 1943இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு வீட்டுப் பணியாளர்களை வெளியே நிறுத்தியது. 1988 அரசியலமைப்பு சில உரிமைகளை மட்டும் தந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 44 மணி நேரம், அதற்கு மேல் போனால் கூடுதல் கூலி என்பதெல்லாம் 2013 திருத்தத்தில்தான் வந்தது. அந்தத் திருத்தத்தை நாடாளுமன்றக் கீழவையில் முன்நின்று நடத்தியவர் பெனெடிடா ட சில்வா. அவரே ஒரு காலத்தில் வீட்டு வேலை பார்த்தவர். அரசியலமைப்பை எழுதிய அவையில் இருந்தவர், பின்னால் செனட்டர், 2002இல் ரியோ மாநில ஆளுநர். சட்டம் வந்தபோது லாவ்டெலினா இல்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் வெள்ளை உடையில் தெருவோரம் பலகாரம் விற்கும் அம்மாக்களைக் காணொளியில் பார்த்தேன். அது என்ன?

அகராஜே. தட்டைப்பயறை ஊறவைத்துத் தோல் நீக்கி, வெங்காயமும் உப்பும் சேர்த்து அரைத்து, டெண்டே என்ற செம்பனை எண்ணெயில் பொரிப்பார்கள். நம் வடைக்குச் சொந்தம் என்றே சொல்லலாம். சூடாக நடுவில் பிளந்து, உள்ளே இறாலும் காரமும் வைத்துக் கொடுப்பார்கள். ஆப்பிரிக்க வேர் கொண்ட கண்டோம்ப்ளே என்ற சமய வழிபாட்டில் இது இயன்சா தெய்வத்துக்கான படையல்.

அடிமைக் காலத்திலேயே பெண்கள் தெருவில் உணவு விற்றிருக்கிறார்கள். வருமானத்தில் பெரும்பகுதி எஜமானருக்குப் போகும். மிஞ்சியதைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. அப்புறம், 2014 கால்பந்து உலகக் கோப்பையின்போது பாஹியாவின் தலைநகர் சால்வடோரில் மைதானத்தைச் சுற்றி இவர்கள் விற்க முடியாத நிலை வந்தது. சங்கமாகத் திரண்டு போராடி மைதான வளாகத்திலேயே இடம் பிடித்தார்கள். இந்தத் தொழிலைப் பிரேசில் அரசு 2005இலேயே தேசியப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்திருந்தது.

எழுத்தாளர்கள்?

கரோலினா மரியா டி ஜெசுஸிலிருந்து தொடங்குங்கள். சாவ் பாலோவின் கனின்டே குடிசைப் பகுதியில் பழைய காகிதம் பொறுக்கி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். பொறுக்கிய நோட்டுகளிலேயே நாட்குறிப்பு எழுதினார். 1960இல் அது புத்தகமாக வந்ததும் பரபரப்பாக விற்றது. பசியை இவ்வளவு நேராக எழுதியவர்கள் குறைவு.

மரியெல் ஃப்ராங்கோ கொலை வழக்கு என்ன ஆனது?

ரியோவின் மரே குடிசைப் பகுதியில் வளர்ந்தவர் மரியெல். 2016இல் 46,000க்கும் மேற்பட்ட வாக்குகளோடு நகர மன்றத்துக்குப் போனார். காவல்துறை வன்முறையைத் தொடர்ந்து கேள்வி கேட்டார். 2018 மார்ச் 14 இரவு அவரையும் ஓட்டுநர் ஆண்டர்சன் கோமெஸையும் காரிலேயே சுட்டுக் கொன்றார்கள். சுட்டவரும் கார் ஓட்டிவந்தவரும் 2024 அக்டோபரில் தண்டனை பெற்றார்கள். ஆறரை ஆண்டுகள் குடும்பம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால் கிடைத்த தீர்ப்பு அது. தங்கை அனியெல் ஃப்ராங்கோ 2023இல் இன சமத்துவ அமைச்சரானார்.