‘தவிர’ என்று எழுதியிருக்கிறீர்களே!

கேள்வி: மதுரையில் படித்தபோது கல்லூரி நாடகக் குழுவில் மூன்று வருடம் நடித்தேன். மேடை நடிகையாகவே வாழ ஆசை. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டும்தான் என் ஆதர்சம். ஆனால் எங்கள் கடற்கரையில் திருவிழாவுக்கு வரும் வள்ளித் திருமணம் தவிர நாடகம் என்று எதுவும் கிடையாது. சென்னைக்குப் போகாமல் நான் நடிகையாக முடியுமா? அம்மாவோ, “நடிக்கிறதுன்னா சினிமாவுக்காவது போ” என்கிறார்.
– பெயர் வேண்டாம், தேவிபட்டினம்

பதில்: கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ‘தவிர’ என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை.

வள்ளித் திருமணம் போட வருகிறவர்கள் ஒரே கம்பெனி ஆட்கள் இல்லை. நாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், பெண் வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் மானாமதுரையிலிருந்து, கோமாளியான பபூன் மதுரையிலிருந்து. தனித்தனியாகத் தேதி கொடுத்து, தனித்தனியாகப் பஸ் ஏறி வருகிறவர்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. அரிதாரம் பூசும் நேரத்தில்தான் சிலர் ஒருவரையொருவர் முதல்முறை பார்க்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி, விடிய விடிய ஒரு கதையைக் கொண்டுசெலுத்துகிறார்கள். நாரதர் தர்க்கத்தில் எந்தக் கேள்வியை எடுப்பார் என்று வள்ளிக்குத் தெரியாது. புராணத்திலிருந்து வரலாம், குறளிலிருந்து வரலாம். பதிலும் சொல்ல வேண்டும், அதைப் பாட்டிலும் சொல்ல வேண்டும், ஆர்மோனியக்காரர் பிடித்த சுருதியிலும் நிற்க வேண்டும். ஒத்திகை பார்த்து நடித்த உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த வித்தையைத் ‘தவிர’ என்று ஒதுக்குகிற உரிமை உங்களுக்கு இன்னும் வரவில்லை.

நீங்கள் கொண்டாடும் பிரெக்ட், 1935-இல் மாஸ்கோவில் மெய் லான்ஃபாங் என்ற சீன நடிகரைப் பார்த்து அசந்துபோனவர். மெய் லான்ஃபாங் சீனத்தின் பழைய இசை நாடகத்தில் பெண் வேடம் கட்டிய ஆண், நம் ஊர்க் கணக்கில் ஸ்திரீபார்ட். அவர் பாத்திரத்தோடு கரைந்துவிடாமல், பாத்திரத்தை நமக்கு எடுத்துக் காட்டுகிற விதத்தைப் பற்றி பிரெக்ட் கட்டுரையே எழுதினார். அதே வேலையை உங்கள் ஊர்ப் பந்தலில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேலனாக நிற்கும் ராஜபார்ட்டிடம் யாரோ நூறு ரூபாய் அன்பளிப்பு கொடுப்பார். வேடத்தை விட்டு வெளியே வந்து, கொடுத்தவர் பெயரைச் சொல்லி நன்றி கூறுவார். மறு வரியில் மறுபடியும் வேலன். உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் கதை அறுந்துபோவதில்லை. பிரெக்டைப் படித்த நீங்கள் அல்லவா இதை முதலில் கவனித்திருக்க வேண்டும்?

ஆதர்சம் வேண்டுமென்றால், சிவகாசிக்காரர் விஸ்வநாததாஸைப் படியுங்கள். வள்ளித் திருமணத்தில் முருகனாக வந்து வெள்ளைக்காரனைத் தாக்கிப் பாடியதற்காகப் பலமுறை சிறைக்குப் போனவர். 1940 டிசம்பர் கடைசியில், சென்னையில், முருகன் வேடத்தோடு மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. அம்மாவுக்கும் ஒரு பெயர் சொல்லுங்கள்: கே.பி. சுந்தராம்பாள். ஔவையாராகத் திரையில் பார்த்திருப்பார். ஆனால் அந்தக் குரல் விளைந்தது நாடக மேடையில். கொழும்பு மேடைகளில் நாடக நடிகர் கிட்டப்பாவோடு பாடிப் பேர் வாங்கிய குரல். கொழும்புக்குப் போகும் அந்தக் காலத்துப் பாதை ஒன்று உங்கள் மாவட்டத்தின் வழியாகத்தான் போனது: 1914 முதல் 1964 புயல் வரை, ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். நாடகமே இல்லாத கரையா அது?

நான் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், உப்பூர்ப் பக்கம் ஒரு வைகாசி இரவு. தினைப்புனக் காட்சி நடக்கும்போது கரண்ட் போய் மைக் நின்றுவிட்டது. கடல் காற்று பந்தலையே தூக்கிக்கொண்டிருந்தது. வள்ளியாக வந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். பாட்டை நிறுத்தவில்லை. காற்று வந்த பக்கம் முதுகைக் கொடுத்து நின்று பாடினார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து, குரல் போகிற பக்கமாக வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு நல்ல நாடகங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன்; நடிப்பு என்று யாராவது பேசினால் எனக்கு இன்றும் அந்த முதுகுதான் ஞாபகம் வருகிறது.

ஆனால் உங்களை ஏமாற்ற மாட்டேன். அது கஷ்டமான பிழைப்பு. பங்குனியிலிருந்து ஆடி வரை நாள் கிடைக்கும், ஐப்பசி மழையில் வீட்டில் உட்கார வேண்டும். பல ஊர்களில் உடை மாற்றத் தட்டி மறைப்புதான், கழிப்பறை இருக்காது. விடிகாலை பஸ்ஸில் ஒப்பனை கலையாத முகத்தோடு போகும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். அவர் பயம் அங்கேதான் இருக்கிறது. பபூன், டான்ஸ் காட்சியில் கொச்சை பேச்சு பெருகிவிட்டதும் உண்மை. அதைத் திருத்த உள்ளே ஆள் வேண்டும். வெளியே நின்று முகம் சுளிக்க நிறையப் பேர் இருக்கிறோம்.

சரி, வழி என்ன? புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது. அந்தப் பள்ளிக்குப் பெயரே, வள்ளித் திருமணத்தை நாடகமாக எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பெயர்தான். தில்லி தேசிய நாடகப் பள்ளியில் உதவித்தொகையோடு மூன்று வருடப் படிப்பு உண்டு. பட்டம் மட்டும் போதாது, மேடை அனுபவமும் கேட்பார்கள். சென்னையில் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு இருக்கிறது. தாராளமாகப் போங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு சீசன் இங்கே கழியுங்கள். மதுரையிலோ புதுக்கோட்டையிலோ நாடக நடிகர் சங்கத்துக்குப் போய், பாடம் சொல்லித்தரும் பின்பாட்டுக்காரர் (ஆர்மோனியக்காரர்) ஒருவரைக் கேட்டுப் பிடியுங்கள். வள்ளி பாடம் முழுவதும் மனப்பாடம் ஆகட்டும்.

அப்புறம், பகலில் பாம்பன் பக்கம் போய்க் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி எழுகிறவர்கள். அவர்கள் தண்ணீரைவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்கும் அந்தக் கணத்தை எந்தப் பட்டறையும் உங்களுக்குச் சொல்லித்தராது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் வலை பின்னிக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். போய்க் கேளுங்கள். நாளை நீங்களே ஒரு நாடகம் எழுதினால், அது அந்தப் பேச்சிலிருந்துதான் வரும்.

அடுத்த பங்குனியில் உங்கள் ஊரில் நோட்டீஸ் ஒட்டியதும், முன்வரிசையில் பாய் போடாதீர்கள். சாயங்காலமே போய், ஆர்மோனியப் பெட்டி இறங்கும் இடத்தில் நில்லுங்கள். வள்ளியாக யார் வருகிறாரோ அவரிடம், “அக்கா, எனக்கு ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுப்பீங்களா?” என்று கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். பெயர் போட்டே வெளியிடுகிறேன், நீங்கள் சம்மதித்தால்.