தலையை ஆட்டினால் ஆமாவா இல்லையா?

ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு வந்து இரண்டே மாதம், அலுவலகக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஒருவர் "இது தப்பு" என்று சொல்லிவிட்டார், என்மேல் என்ன கோபமோ, மதியம் சாப்பிடக்கூட யாரும் கூப்பிடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. கோபமெல்லாம் இல்லை. அதே ஆள் பத்து நிமிடம் கழித்து காபி மெஷின் பக்கத்தில் உங்களிடம் சிரித்துப் பேசியிருப்பாரே? அவர் குறை சொன்னது வேலையை. எனக்கு இது உறைக்க ஒரு வருஷம் பிடித்தது.

உண்மையில் அவர்கள் பேச்சைவிட நம் தலையாட்டல்தான் பெரிய வில்லங்கம். வந்த புதிதில் மேலாளர், "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்றார். முடியாது என்று தெரியும். மேலாளரிடம் போய் எப்படி முடியாது என்பது? தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "பார்க்கிறேன்" என்றேன். நம்மூர் ஆளாக இருந்தால் அதிலேயே புரிந்துகொண்டு திங்கள்கிழமை வந்து கேட்பார். இவர் என் தலையையே பார்த்துவிட்டு, "யா ஓடர் நைன்?" என்றார். ஆமாவா, இல்லையா? வேறு வழியில்லாமல் "யா" என்றேன். வெள்ளி மதியம் பாதி வேலைதான் முடிந்திருந்தது. தாமதத்தை அவர் பெரிதுபடுத்தவில்லை. "புதன்கிழமையே ஏன் சொல்லவில்லை?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். அடுத்த முறை, "வெள்ளி முடியாது, செவ்வாய் மாலை தருகிறேன்" என்றேன். குறித்துக்கொண்டு போய்விட்டார், அவ்வளவுதான்.

நீ, நீங்கள் வித்தியாசம் ஜெர்மனிலும் உண்டு: டூ, ஸீ. அதில் நமக்குக் கஷ்டமில்லை. ஆனால் மேலாளரையே டூ போடச் சொல்லும் அலுவலகங்கள் நிறைய. முதலில் வாய் கூசும். எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஸீதான், அவராகச் சொல்லும்வரை.

அப்புறம், யாருக்கும் பிறந்தநாள் வாழ்த்தை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அபசகுனம் என்பார்கள். உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். என் முதல் பிறந்தநாளில் யாராவது வாங்கி வருவார்கள் என்று சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். அவர்கள் என் கேக்குக்காகக் காத்திருந்தார்களாம்!

சாப்பாட்டு விஷயம்: மதியம் எதிரே வருபவர் "மால்ட்சைட்" என்றால் சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று பின்னாலேயே போய்விடாதீர்கள். அந்த நேரத்து வணக்கம் அது. சேர்ந்து சாப்பிட ஆசை என்றால், "வியாழன் பன்னிரண்டரைக்குப் போகலாமா?" என்று நீங்களே கேளுங்கள். உடனே காலண்டரைத் திறந்து பார்ப்பார்கள். சிரித்துவிடாதீர்கள்.