கோடியக்கரைக் காட்டோரம் ராத் தங்கணுமா? கேளுங்க, சொல்றேன்

வேதாரண்யம் பக்கத்து ஆளு நான். வெளியூர்லேர்ந்து சொந்தக்காரங்க, கூட்டாளிங்க யார் வந்தாலும் கோடியக்கரைக்கு அழைச்சிட்டுப் போறது என் தலையிலதான் விழும். அங்க இருக்கற வனத்துறை விடுதியோட படம் ரெண்டு போட்டாலும் போட்டேன், ஆளாளுக்குக் கேள்வி. தனித்தனியா பதில் எழுத முடியல, எல்லாத்துக்கும் இங்கேயே சொல்லிடறேன்.

திருச்சியிலேர்ந்து ஒரு தம்பி: அண்ணே, படத்துல பாக்க நல்லா இருக்கு. ரிசார்ட் மாதிரி எல்லா வசதியும் இருக்குமா?

இருக்காது. கட்டில், ஃபேன், பாத்ரூம், நாலு சுவரு. வாசல்ல இறங்கினா காடு, காட்டைத் தாண்டினா கடல். காத்தடிச்சா கரண்ட் போகும், போனது எப்ப வரும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல வெளியில பாக்க ஒண்ணும் கிடையாது, நல்ல இருட்டு. அந்த இருட்டுக்காகத்தான் போறேங்கிறவங்க போகலாம். டிவி எங்கேன்னு தேடுறவங்க தரங்கம்பாடியில பழைய பங்களாவை ஓட்டலாக்கி வச்சிருக்காங்க, அங்க போய்க் காத்து வாங்கிக்கட்டும். அதுல தப்பே இல்ல.

கும்பகோணத்து அக்கா ஒருத்தர்: எப்படிப் பதிவு செய்யறது? நேரா போனா ரூம் குடுப்பாங்களா?

நேரா போகாதீங்க அக்கா. இது சரணாலயத்துக்குள்ள வர்ற இடம், லாட்ஜ் கணக்குல சேராது. நாகப்பட்டினத்துல வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் இருக்கு, அங்க முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கணும். ரூம் கொஞ்சம்தான். பெரிய அதிகாரி யாராவது வர்றதா இருந்தா அவங்களுக்குத்தான் முதல்ல. அதனால கையில ஒரு மாற்று ஏற்பாடு இருக்கட்டும், வேதாரண்யம் டவுன்ல லாட்ஜ் கிடைக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசைய ஒட்டி மட்டும் கேக்கவே கேக்காதீங்க. கோடியக்கரையை ஆதிசேதுன்னு சொல்லிக் கடல்ல முழுக்குப் போட ஊரே திரண்டு வரும்.

மன்னார்குடியிலேர்ந்து: கார் இல்லாம போக முடியுமா?

தாராளமா. திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி ரயில் பல வருஷம் இல்லாம கிடந்து, அகலப்பாதையாகி 2023 ஏப்ரல்ல திரும்ப ஓட ஆரம்பிச்சுது. பாதை அகஸ்தியம்பள்ளியோட முடிஞ்சிடும். கடைசியில ரெண்டு பக்கமும் உப்பளம், குவிச்சு வச்ச உப்புக்கு மேல கீத்து போட்டு மூடியிருப்பாங்க. 1930ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து நடந்து வந்து உப்பு அள்ளினது இங்கதான், நினைவுத்தூண் இருக்கு, இறங்கிப் பாத்துட்டுப் போங்க. அதுக்கப்புறம் பஸ்ஸோ ஆட்டோவோ. நேரம் மட்டும் கேட்டு வச்சுக்குங்க, சாயங்காலத்துக்கு மேல பஸ்ஸை நம்பி நிக்கக் கூடாது.

தஞ்சாவூர்லேர்ந்து ஒரு ஆசிரியர்: பறவை பாக்கணும், மானும் பாக்கணும். எந்த மாசம் வரலாம்?

சார், இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ரெண்டும் ஒரே சமயத்துல முழுசா அமையாது.

பறவைக்கு ஐப்பசியிலேர்ந்து மாசி வரை. பூநாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், ஊசிவால் வாத்து, ஆலா, உள்ளான்ல பல வகை. பூநாரை குஜராத்துக் கட்ச் பக்கத்துலேர்ந்து வருதுன்னு சொல்வாங்க. எனக்கென்னவோ அதை விட கொசு உள்ளான்தான் அதிசயம். முப்பது கிராம் கூடத் தேறாத குஞ்சு உருவம், வடகோடியில சைபீரியாவுல முட்டையிட்டுட்டு இந்தச் சேத்துல கொத்தித் தின்ன வருது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க ரொம்ப காலமா இங்க பறவையப் பிடிச்சு, கால்ல எண் போட்ட வளையம் மாட்டித் திரும்பப் பறக்க விடறாங்க. எது எங்கேர்ந்து வருதுங்கிற சங்கதியெல்லாம் அப்படித் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

ஆனா ஐப்பசி, கார்த்திகை நமக்கு அடைமழைக்காலம். மழை கொட்டித் தீத்தா சதுப்புல தண்ணி ஏறிடும். தண்ணி ஏறினா கால் குட்டையான பறவைக்கு நிக்க இடமில்லாமப் போகும், அது அது ஆழமில்லாத இடமாத் தேடிப் போயிடும். முழங்கால் அளவு வடிஞ்சு, ஓரத்துல சேறு தெரியணும், அப்பதான் கூட்டம். அதனால என்னைக் கேட்டா தை மாசம்தான். பொங்கல் லீவு கழிஞ்சு, அமாவாசைய விட்டுட்டு, வாரநாளாப் பாத்து வாங்க.

வெளிமானுக்கு அதுக்கு நேர்மாறு. பங்குனி, சித்திரைன்னு காஞ்ச மாசத்துல புல்வெளியில நல்லாத் தெரியும். ஆண் மானுக்கு முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, முறுக்குக் கொம்பு. தனக்குன்னு ஒரு இடத்தைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நிக்கும், பெட்டைங்க தவிட்டு நிறத்துல கூட்டமா மேயும். வெயில் மண்டையப் பிளக்கும், அதனால விடிகாலையும் சாயங்காலமும்தான். தையில வந்தாலும் மான் கண்ணுல படாமப் போகாது, கொஞ்சம் தள்ளித் தெரியும்.

காரைக்கால்லேர்ந்து ஒரு புகைப்படக்காரர்: மான் கிட்டத்துல நடந்து போய் எடுக்கலாமா?

கூடாது. அரைக் கிலோமீட்டர்ல உங்களைப் பாத்துடும், நாலு தாவு தாவினா மறைஞ்சிடும். வழிகாட்டி சொல்ற இடத்துல வண்டியோட நில்லுங்க. குதிரையும் தெரியும். காட்டுக்குதிரைன்னு சொன்னாலும், ஒரு காலத்துல மனுஷன் வளத்து விட்ட மட்டக்குதிரை பெருகினதுதான் அது. பாக்க அழகு, ஆனா மானுக்குள்ள புல்லைப் பங்கு போட்டுக்குது. போதாக்குறைக்குப் புல்வெளியில சீமைக்கருவேலம் வேற, வெட்டி மாளல.

திருவாரூர்லேர்ந்து: சின்னப் பிள்ளைங்களோட வர்றோம். ராத்திரி பயமில்லையா?

சிறுத்தை, கரடி எதுவும் கிடையாதும்மா. நரி ஊளையிடும். மொதல் தடவை கேட்டா பிள்ளைங்க எழுந்து உக்காந்துடும், அது அது பாட்டுக்குப் போயிடும். பயப்பட வேண்டியது பாம்புக்குத்தான். டார்ச் இல்லாம வாசல் படி இறங்காதீங்க, செருப்பை உதறிட்டு மாட்டுங்க. அதை விடத் தொல்லை உண்ணி. மான் மேயற புல்லுல நடந்துட்டு வந்தா பிள்ளைங்களோட காது மடல், அக்குள், இடுப்பு மடிப்பு எல்லாம் தடவிப் பாருங்க. ஊருக்குப் போய் ஒரு வாரம், பத்து நாள்ல காய்ச்சல் வந்தா, காட்டுல தங்கினதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. கொசுவலை கொண்டு வாங்க, சுருளை நம்பாதீங்க. அவசரம்னா வேதாரண்யம் அரசு ஆஸ்பத்திரி.

புதுக்கோட்டையிலேர்ந்து: கடல்ல குளிக்கலாமா அண்ணே?

கரை இங்க வந்து மடங்குது. கிழக்க வங்கக் கடல், தெக்க பாக் நீரிணை. தெக்குப் பக்கம் ஆழமில்ல, ஆனா சேறு, கால் புதையும். கிழக்குப் பக்கம் மணல் இருக்கு, வாடைக்காத்து மாசத்துல அலை முரட்டு அலை. மீன்காரங்க எங்க குளிக்கறாங்கன்னு பாத்து, முழங்காலோட நிறுத்திக்குங்க. படகு ஏத்தி இறக்கற இடத்துல வேண்டவே வேண்டாம், கயிறும் படகு எஞ்சினோட காத்தாடியும் கண்ணுக்குத் தெரியாது.

மயிலாடுதுறையிலேர்ந்து: சாப்பாடு?

விடுதியில சமைச்சுத் தருவாங்களான்னு அனுமதி வாங்கும்போதே கேட்டுடுங்க. இல்லேன்னா வேதாரண்யத்துல சாப்பிட்டுட்டு, ராத்திரிக்குப் பொட்டலம் கட்டிட்டு வந்துடுங்க. ஐப்பசிக்கு மேல மாசி, பங்குனி வரை வெளியூர் மீன்காரங்க குடும்பத்தோட வந்து கரையில கொட்டாய் போட்டுத் தொழில் பண்ணுவாங்க. காலையில வலை இறங்கினா காலா, வாவல்னு துடிக்கத் துடிக்கக் கிடைக்கும். சமைக்க ஆள் இருந்தா வாங்குங்க, இல்லேன்னா வேடிக்கை பாருங்க. குடிதண்ணி கேன்ல கொண்டு வந்துடுங்க, கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்கும்.

கோடையில வந்தா பாலைப்பழம் விப்பாங்க, விடாதீங்க. வேப்பம்பழத்தை விடச் சின்னது, மஞ்சளா இருக்கும், அப்படி ஒரு இனிப்பு. பால் உதட்டுல ஒட்டும், நாலு பழத்துக்கு மேல தின்னா வாயத் தொறக்க முடியாது. துளி எண்ணெய் தொட்டுத் தேச்சா விட்டுடும்.

திருச்சித் தம்பியே மறுபடியும்: கேம்ப் ஃபயர், ட்ரோன், சரக்கு?

மூணும் கிடையாது. கேஸ் ஆயிடும்.

பட்டுக்கோட்டையிலேர்ந்து: கஜா புயலுக்கப்புறம் காடுன்னு ஏதாவது மிச்சம் இருக்கா?

நீங்களும் பட்டவங்க, உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. 2018 நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுச்சு. காடு அதோட நேர் வழியில இருந்துச்சு. மரமெல்லாம் முறிஞ்சு விழுந்து, நின்னதும் இலை ஒண்ணு இல்லாம மொட்டையா நின்னுச்சு. மானும் குதிரையும் செத்துக் கரை ஒதுங்குச்சு. ஆனா இந்த ஊர்க் காட்டுக்கு ஒரு குணம் உண்டு, உப்புக்காத்துல குட்டையா, கெட்டியா வளர்ற மரம். பாலை மாதிரி நாட்டு மரங்க அடியிலேர்ந்தே துளிர்த்துக்கிச்சு. இப்ப புதுசா வர்றவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. உள்ள கிடக்கற பட்ட கட்டையப் பாத்தாத்தான் தெரியும். சோழர் காலத்துதுன்னு சொல்ற பழைய கலங்கரை விளக்கம் 2004 சுனாமியிலேயே போச்சு, இப்ப இடிபாடுதான் இருக்கு.

சீர்காழியிலேர்ந்து: ஆமைக்குஞ்சு கடல்ல விடறதைப் பாக்க முடியுமா?

பங்குனி ஆமை தையிலேர்ந்து முட்டையிட ஏறும். வனத்துறை ஆளுங்க ராத்திரியில முட்டைய எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்துல புதைச்சு வைப்பாங்க. பொரிய நாப்பத்தஞ்சு நாளுக்கு மேல ஆகும். அதனால மாசிக் கடைசி, பங்குனியில வந்து விடுதியிலேயே கேட்டு வைங்க. விடற அன்னிக்குக் கூப்பிட்டா போய் ஓரமா நில்லுங்க. நீங்களா ராத்திரி கரையில டார்ச் அடிச்சுட்டுத் திரியாதீங்க, வெளிச்சம் பட்டா முட்டையிட வந்த ஆமை திரும்பிடும்.

கும்பகோணத்து அக்கா: குரங்குத் தொல்லை இருக்கா?

இருக்கு. கோடிக்காட்டுக் குழகர் கோயில்ல அர்ச்சனைத் தட்டை ரெண்டு கையாலயும் பிடிங்க. ரூம் ஜன்னலைச் சாத்தாமப் போனீங்கன்னா சோப்பைக் கூட விடாது.

நீடாமங்கலத்திலேர்ந்து: ரூம் கிடைக்கலேன்னா முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுல தங்கலாமா?

காட்டுக்குள்ள ராத் தங்க விட மாட்டாங்க, பகல்ல படகுல போயிட்டு வரலாம். ஜாம்புவானோடையில ஏறி, கோரையாத்து வழியா லகூன்ங்கற காயல் வரை. அதுக்கும் வனத்துறை அனுமதி வேணும், படகு இருக்கான்னு முதல் நாளே கேட்டுக்குங்க. தங்கறதுக்கு முத்துப்பேட்டையோ திருத்துறைப்பூண்டியோ வசதி. வெயிலுக்கு முன்னாடி ஏறினாத்தான் நல்லது, படகுல நிழல் இருக்காது, தொப்பி எடுத்துக்குங்க.