பின்னல் கம்பிச் சங்கிலி: கருவிகள் பற்றிய கேள்வி பதில்

மெல்லிய கம்பியைக் குச்சியின்மேல் வளையம் வளையமாகப் பின்னிச் செய்யும் சங்கிலி குறித்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

தொடங்குவதற்கு என்னென்ன வேண்டும்?

பென்சில் பருமனில் உருண்டையான மரக்குச்சி, சிறிய வெட்டுக் குறடு, தட்டை மூக்குக் குறடு, துளைப் பலகை (பின்னிய சங்கிலியை இழுத்து மெலிதாக்க, பல அளவுத் துளைகள் போட்ட மரப்பலகை). இவை போதும். குறட்டின் வாய் வழவழப்பாக இருக்க வேண்டும். பல் வைத்த குறடு கடித்த தழும்பு செம்பிலும் வெள்ளியிலும் அப்படியே பதிந்துவிடும். அதைத் தேய்த்து எடுத்தால் கம்பி மெலிந்து அங்கேயே முறியும்.

எந்தக் கம்பி?

முதல் சங்கிலிக்கு 26 கேஜ் செம்பு, அதாவது சுமார் 0.4 மி.மீ. காய்ச்சி மென்மையாக்கிய கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். வளைக்க வளைக்க உலோகம் இறுகும்; தொடக்கத்திலேயே விறைப்பாக இருந்தால் பாதியில் ஒடியும்.

துளைப் பலகையில் இழுத்தபோது என் சங்கிலி சிராய்த்து, ஓரிடத்தில் அறுந்தும் போனது. இரண்டு வார உழைப்பு. ஏன் இப்படி?

படிக்கவே வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் துளையின் விளிம்புதான் காரணம். துரப்பணம் போட்ட துளை கண்ணுக்குச் சீராகத் தெரிந்தாலும் விளிம்பில் கூர்மை இருக்கும். கெட்டியான மரத்தில் 10 மி.மீ. முதல் 3 மி.மீ. வரை, அரை மி.மீ. படிகளில் துளையிடுங்கள். சங்கிலி நுழையும் பக்கத்து விளிம்பைச் சரிவாகச் சீவுங்கள். பிறகு உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி உட்புறம் முழுவதும் தேயுங்கள்: முதலில் 220 எண் தாள், அடுத்து 400, கடைசியில் 600; எண் கூடக்கூடத் தாள் நைசாகும். நான் பஞ்சை இழுத்துப் பார்ப்பேன். ஓர் இழை சிக்கினாலும் மறுபடி தேய்ப்பேன். இந்த ஒரு வேலையில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

அறுந்ததற்கு, இடையிலுள்ள துளைகளை விட்டுவிட்டுச் சிறிய துளையில் இழுத்ததும் காரணமாக இருக்கலாம். தளர்வான துளையில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று முறை இழுத்த பின்பே அடுத்ததற்குப் போங்கள். இழுக்க இழுக்கச் சங்கிலி மெலிந்து நீளும். ஆகவே 5 செ.மீ. மாதிரி பின்னி, எவ்வளவு நீள்கிறது என்று முன்பே அளந்துகொள்ளுங்கள்.

மரக்குச்சிக்குப் பதில் ஆலன் கீ (ஆறு பட்டை எஃகுத் திருகுசாவி) பயன்படுத்தலாமா?

தாராளமாக. வழவழப்பானது, வளையாது. ஆறு இதழ்ப் பின்னலுக்கு, அதாவது குச்சியைச் சுற்றி ஆறு வளையங்கள் வரும் பின்னலுக்கு, அதன் ஆறு பட்டைகளும் வழிகாட்டும்.

என் வெட்டுக் குறடு சீக்கிரம் மழுங்கிவிட்டது.

எஃகுக் கம்பியை வெட்டியிருப்பீர்கள். அதற்கு வேறு குறடு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது குறட்டின் தட்டைப் பக்கம் சங்கிலியை நோக்கி இருக்கட்டும். துண்டு கண்ணில் தெறிக்காமல் மற்றொரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.