வெள்ளை எலிக்கு இடம் தேடும் முன், வீட்டெலி நடக்கும் வழியைப் பாருங்கள்

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் ஓட்டு வீடு எங்களுடையது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், தஞ்சாவூரில் ஒரு கடையிலிருந்து இரண்டு வெள்ளை எலிகளை வாங்கி வந்து மூன்று வாரம் ஆகிறது. கூண்டை நெல் அறையில் வைத்திருக்கிறோம். சம்பா அறுவடைக்கு இன்னும் பத்து நாள்தான். விதைக்கும் சாப்பாட்டுக்குமாக 30 மூட்டை அந்த அறைக்கு வர வேண்டும். வழக்கம்போல எலிக்கேக்கும் வைக்க வேண்டும். கூண்டை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றலாமா, மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறைக்கு ஏற்றலாமா? மகள் தான் படுக்கும் அறையில் வைக்கச் சொல்கிறாள். நாலைந்து நாளாக ஓர் எலிக்குத் தும்மல். கண்ணோரம் சிவப்பாக வழிகிறது. ரத்தமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அது ரத்தம் இல்லை. எலிக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி உண்டு; அதிலிருந்து வரும் நீரில் சிவப்பு நிறமி இருக்கிறது. மூச்சுத் தொல்லையோ, பயமோ, இடம் ஒத்துக்கொள்ளாமையோ வந்தால் அது கூடுதலாக வழியும். உங்கள் எலி, நெல் அறை தனக்கு ஆகவில்லை என்று சொல்கிறது. நெல் தூசி, கோணித் தூசி, ஓதம் பிடித்த சுவரின் பூஞ்சை எல்லாம் அந்த அறையில்தான் இருக்கும். கூண்டை இன்றைக்கே வெளியே எடுங்கள். மூட்டை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் சொன்ன மூன்று இடங்களில் கொட்டகை கூடவே கூடாது. கோமியத்திலிருந்து எழும் அமோனியா எலியின் மூச்சுக்குழாயை அரிக்கும். வளர்ப்பு எலிகளில் பெரும்பாலானவற்றுக்கு நுரையீரலில் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி அடங்கிக் கிடக்கிறது. அமோனியா பட்டால் அது கிளம்பிவிடும். கொசுவுக்கு வேப்பிலை மூட்டம் போட்டாலும் இதே கதை. தவிடு, பிண்ணாக்கு தேடி வரும் வீட்டெலியும் பெருச்சாளியும் அங்கே இரவெல்லாம் நடமாடும். அவற்றின் உண்ணி கூண்டுக்குள் ஏறும். சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் கிருமியும் வரும். அந்தக் கிருமி மாட்டுக்குப் போனால் சினை கலையும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மாடி அறையில் இந்தத் தை மாதம் மட்டும் சமாளிக்கலாம். எலிக்கு உகந்த வெப்பம் 20 முதல் 26 டிகிரி செல்சியஸ். 30 தாண்டினால் தவிக்கும். அதற்கு வேர்க்காது, நாய் போல இரைத்து வெப்பத்தை வெளியேற்றவும் முடியாது. வால் வழியாகவும், உமிழ்நீரை ரோமத்தில் பூசிக்கொண்டும்தான் சூடு தணிய வேண்டும். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஒரே மத்தியானத்தில் இரண்டும் செத்துவிடும்.

மகளின் அறை இவற்றைவிடப் பரவாயில்லை. ஆனாலும் எலி இரவில் ஓடியாடும், கம்பியைக் கடிக்கும். பரீட்சை நேரத்தில் பிள்ளையின் தூக்கம் கெடும். எலிச் சிறுநீரில் உள்ள புரதம் காற்றில் கலந்து, இழுப்பு உள்ளவர்களுக்கு ஒவ்வாமை தரும். படுக்கும் அறையில் கொசு மருந்து எரிவதும் எலிக்கு ஆகாது.

ஆக, கூடம்தான். கூடத்தில் எந்த இடம் என்பதற்குத்தான் உங்கள் கடிதத்தில் இல்லாத கேள்விக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டுக்குள் ஏற்கெனவே நடமாடும் எலி எந்த வழியாகப் போகிறது?

டெல்டாவில் அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடும்போதும், ஐப்பசி கார்த்திகை மழையில் வரப்பு வளை மூழ்கும்போதும் எலி கூட்டமாக வீட்டுப் பக்கம் ஒதுங்கும். வெள்ளை எலியின் வாடைக்கு வீட்டெலி வராது என்று சிலர் சொல்வது தவறு. கூண்டில் சிந்தும் தானியமே அதைக் கூப்பிட்டுவிடும். எலி வந்தால் பின்னாலேயே சாரை வரும், நல்ல பாம்பும் வரும்.

இரவு எல்லோரும் படுத்த பிறகு, கூடம், நடை, நெல் அறை வாசல் என்று சுவரோரமாக ஒரு சாண் அகலத்துக்குக் கோலமாவை மெல்லிசாகத் தூவுங்கள். கல்மாவாக இருக்கட்டும், அரிசிமாவு போட்டால் எலியும் எறும்பும் தின்றுவிடும், தடம் நிற்காது. காலையில் கால் தடமும் நடுவில் வால் இழுத்த கோடும் தெரியும். மூன்று இரவு தொடர்ந்து பாருங்கள்; அதுவரை கூண்டு மகளின் அறையில் இருக்கட்டும். எலி சுவரை உரசியே போகும், ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் போகும். தடம் விழாத சுவர்தான் கூண்டுக்கு உரியது.

அதிலும் மேற்கு வெளிச்சுவரை விட்டுவிடுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளங்கையை வைத்தால் எந்தச் சுவர் குளுமையாக இருக்கிறதோ அது நல்லது. நெல் அறைக்கும் கூடத்துக்கும் பொதுவான சுவரும் வேண்டாம். அறைச் சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்று வாங்கி, கூண்டு நிற்கப்போகும் உயரத்தில் மூன்று நாள் மத்தியானம் இரண்டரை மணிக்குப் பாருங்கள். இப்போதே 30 காட்டும் மூலையைத் தொட வேண்டாம்.

தொலைக்காட்சி, இன்வெர்ட்டர், கைபேசி சார்ஜர் பக்கத்திலும் வேண்டாம். மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு சரி. எலிக்கு ஏறக்குறைய 80 வரை கேட்கும். நமக்கு அமைதியாக இருக்கும் பெட்டி அதற்கு இடைவிடாமல் கீச்சிடலாம். எலி விரட்டும் கருவி என்று பிளக்கில் செருக விற்கிறார்களே, அது இருந்தால் பிடுங்கிவிடுங்கள். வீட்டெலி சில நாளில் அதற்குப் பழகிவிடும். ஓட இடமில்லாத கூண்டு எலிதான் துன்பப்படும். சிவப்புக் கண் எலிக்குப் பிரகாசமான வெளிச்சம் விழித்திரையைக் கெடுக்கும் என்பதால், ஜன்னல் வெயிலும் குழல் விளக்கின் நேர் வெளிச்சமும் கூண்டில் விழக்கூடாது.

கூண்டைத் தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரும்புக் கால் மேசை மேல் வையுங்கள். மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கொசு முட்டையிடாமல் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். எறும்புச் சாக்பீஸ் கிழிக்க வேண்டாம். மின்விசிறிக் காற்று நேராக அடிக்கக்கூடாது, ஆனால் காற்றோட்டம் வேண்டும். இரண்டு எலிக்கு இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி உயரம் போதும். கால் அங்குலக் கண் உள்ள வலை போடுங்கள். கடைக் கூண்டின் ஒரு அங்குல இடைவெளியில் மூஞ்சூறும் குட்டிப் பாம்பும் சுலபமாக நுழையும். அடித்தளம் கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும். தட்டையான தட்டு வையுங்கள். கூண்டுக்கு அடியில் நாலு பக்கமும் ஒரு சாண் நீண்ட தட்டு இருந்தால் சிந்தும் தீனி தரைக்கு வராது. ஓர் எலிக்கு நாளைக்கு 15 முதல் 20 கிராம் தீனிதான். சாயங்காலம் போட்டு, மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள்.

கடையில் மரத்தூள் பொட்டலமும் கொடுத்திருப்பார்கள். தூக்கிப் போடுங்கள். பைன் தூளின் வாடை நுரையீரலுக்குக் கெடுதல். மர அறுவை மில் தூளில் என்ன மரம் கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உமி ஈரத்தை உறிஞ்சாது, குத்தும். வைக்கோல் போரிலிருந்து உருவினால் வயல் எலியின் உண்ணியும் சிறுநீரும் கூடவே வரும். கிழித்த செய்தித்தாளும், நூல் பிரியாத பழைய வேட்டித் துண்டும்தான் சரி. நூல் பிரிந்தால் விரலில் சுற்றி இறுக்கிவிடும். நனைந்த இடத்தைத் தினமும் எடுத்து, வாரம் இருமுறை முழுதாக மாற்றும்போது பழைய தாளில் ஒரு பிடி விட்டுவையுங்கள். தன் வாடை அடியோடு போய்விட்டால் எலி மறுபடி எல்லா இடத்திலும் சிறுநீர் விட்டுக் குறிவைக்கும். ஃபினாயில் வேண்டாம், சோப்புத் தண்ணீரும் வெயிலும் போதும்.

இப்போது எலிக்கேக். இதைப் பற்றித்தான் உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை வழக்கம்போல வைக்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். வீட்டுக்குள் விஷம் வைக்கவே கூடாது. வெள்ளை எலி இல்லாத வீட்டுக்கும் இதையே சொல்வேன்.

கேக்கில் இருப்பது 0.005 சதவீதம் புரோமடியோலோன். தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையும் தன்மை குறைந்து, உள்ளே கசிந்து, நாலைந்து நாளிலிருந்து பத்து நாளுக்குள் சாகும். அந்த நாட்களில் அது கேக்கைத் துண்டு துண்டாக வாயில் கவ்விப் பல இடங்களில் பதுக்கும். வரப்பு எலி வளைக்குள் நெல் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே குணம். ஒரு துண்டு கூண்டுத் தட்டில் விழுந்தால் உங்கள் எலிக்கு அது தீனி. எலியால் வாந்தி எடுக்க முடியாது, தின்றது தின்றதுதான். வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து இருந்தாலும், நீங்கள் கவனிக்கும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

‘இதைத் தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே போய்ச் சாகும், உடம்பு காய்ந்துவிடும், நாற்றம் வராது’ என்று மருந்துக் கடையில் சொல்வது சரக்கை விற்பதற்கான பேச்சு. அப்படி ஒரு மருந்து கிடையாது. எலி சோர்ந்ததும் தன் வளைக்கே போகும். உங்கள் ஓட்டுக்கடியிலும் பத்தாயத்துக்குப் பின்னாலும் கிடந்து நாறும். அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தை, பூனை, சாரை எல்லாவற்றுக்கும் அந்த விஷம் போகும். வயலில் எலியைக் குறைக்க டி வடிவக் குச்சி நட்டு ஆந்தையை வரவழைத்துவிட்டு, வீட்டில் அதே ஆந்தைக்கு விஷம் வைப்பது என்ன நியாயம்? மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. ஒளித்து எடுத்துக் கொடுக்கும் கடையில் உரம்கூட வாங்காதீர்கள். நெல் மூட்டைக்கிடையே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கச் சொன்னால் அந்தப் பேச்சையே காதில் வாங்காதீர்கள். ஈரம் பட்டதும் அதிலிருந்து வரும் வாயு கதவிடுக்கில் புகுந்து, எலிக்கு முன் படுத்திருக்கும் மனிதரைக் கொல்லும்.

விஷத்துக்குப் பதில் ஒரு நாள் கொத்தனார் வேலை. கட்டைவிரல் நுழையும் ஓட்டையில் எலி நுழையும். ஓட்டையில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசுங்கள்; வெறும் சிமெண்டை ஈரம் காய்வதற்குள் கொறித்துவிடும். நெல் அறைக் கதவின் கீழ் கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் தகரம் அடியுங்கள். முற்றத்து ஜலதாரைக்கு வலை வேண்டும். ஓட்டுக்கு மேல் சாயும் முருங்கை, மாமரக் கிளையை மூன்று அடி விலக வெட்டுங்கள். கொல்லைத் தென்னையில் தகரப் பட்டை கட்டுங்கள். மூட்டைகளைப் பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்கினால் புழுக்கை விழுந்தது உடனே தெரியும்.

உள்ளே தங்கிவிட்ட எலிகளுக்குப் பொறிதான். வயலுக்குத் தஞ்சாவூர் கிட்டி இருக்கிறது; வீட்டுக்குள் சுருள்வில் வைத்த பலகைப் பொறி. கோலமாவில் தடம் விழுந்த இடத்தில், இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வையுங்கள். புதுப் பொருள் என்றால் எலிக்குச் சந்தேகம் அதிகம். முதல் மூன்று இரவு பொறியைப் பூட்டாமல் சுட்ட தேங்காயோ கருவாடோ வைத்துத் தின்ன விடுங்கள். நாலாம் இரவு எல்லாப் பொறியையும் ஒன்றாகப் பூட்டுங்கள். முதல் இரவே பூட்டுவதால்தான் ஓர் எலி சிக்கி மற்றவை விலகிவிடுகின்றன. பசை அட்டை வேண்டாம். எலி அதில் நாள் கணக்கில் துடிக்கும். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் எடுத்து, சோப்பு போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிய பிறகே கூண்டுப் பக்கம் போங்கள். நடவு, அறுவடை முடிந்து வந்தாலும் கையையும் காலையும் அதேபோலக் கழுவிவிட்டுப் போங்கள்.

பழைய கேக் துண்டு அலமாரிக்கு அடியில், பத்தாயத்துக்குப் பின்னால் கிடக்கும். கூண்டைக் கூடத்துக்குக் கொண்டுவரும் முன் அதைத் தேடி எடுத்து, ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.

கடையில் ‘ஜோடி’ என்று கொடுத்தார்களா? அப்படியானால் உடனே பாருங்கள். ஆணுக்கு வால் அடியில் விதைப்பை பெரிதாகத் தெரியும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் சினைக்காலம் 21 முதல் 23 நாள், ஈற்றுக்கு எட்டுப் பத்துக் குட்டி. மூன்று வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். பிரித்து வைத்துவிட்டு, ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று துணை தேடுங்கள். எலி தனியாக இருந்தால் வாடும்.

மாசிக்குப் பிறகு வெயில் ஏறும்போது, அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றிக் கூண்டுக்குள் படுக்கவையுங்கள். ஒரு தரை ஓட்டுத் துண்டும் போடுங்கள், அதன் மேல் வயிற்றை வைத்துப் படுக்கும். ஈரச் சாக்கு தொங்கவிடுவது நம் பக்கத்துப் புழுக்கத்தில் அவ்வளவு உதவாது.

தும்மலுக்கு: இடம் மாற்றி ஒரு வாரம் பாருங்கள். அதற்குள் மூச்சில் ‘கிளிக் கிளிக்’ என்று சத்தம் வந்தாலோ, விலா உள்வாங்கினாலோ, தீனி எடுக்காவிட்டாலோ காத்திருக்காமல் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தையோ கோழிக்குக் கலக்கும் பொடியையோ அளவு குறைத்துக் கொடுக்காதீர்கள். 300 கிராம் உயிருக்கு ஒரு சொட்டு கூடினாலும் ஆபத்து. போகும்போது இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து, ஒரு வெள்ளரித் துண்டு போட்டு, வெயில் ஏறும் முன் காலை வண்டியிலேயே கிளம்புங்கள்.