நான் உன்கிட்டதானே சொன்னேன், போலீஸ்கிட்டயா சொன்னேன்?

வணக்கம் மேடம்,

எனக்கு 36 வயது. தமிழ்நாடு காவல்துறையில் தலைமைக் காவலர், ஒரு தாலுகா ஸ்டேஷனில் ரைட்டராக இருக்கிறேன். 15 வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் எப்படிப்பட்டவள் என்று என் வீட்டு ஆட்களுக்கே இன்று தெரியவில்லை.

ஐந்து மாதமாக என் அம்மா என்னிடம் பேசுவதில்லை. போன் செய்தால் எடுத்து, என் மகளிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறார். இந்தப் பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு வருஷம்கூட அது நின்றதில்லை.

ஆவணி மாதம் ஒரு ராத்திரி, எங்கள் லிமிட்டில் ஒரு பெரியவரை பைக் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அரிசி மில் வாட்ச்மேன், சைக்கிளில் வந்திருக்கிறார். தொடை எலும்பு முறிந்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். மறுநாள் காலை நான் டியூட்டிக்குப் போனபோது அவர் சைக்கிளை ஸ்டேஷன் வேப்பமரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஹேண்டில்பாரில் தூக்குவாளி நசுங்கிப்போய் அப்படியே தொங்கியது. என் டேபிளில் ஒரு பிளாஸ்டிக் கவரில் உடைந்த இண்டிகேட்டர் துண்டு. அதன் மேல் பாதி கிழிந்த பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். அது என் மகள் அவள் மாமா வண்டியில் ஒட்டியது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "ராத்திரி நாய் குறுக்க வந்துடுச்சாம்டி, வண்டி முன்னாடி உடைஞ்சிருக்கு, நீ ஒண்ணும் அவனைத் திட்டாத" என்றார். போனை வைத்துவிட்டுக் கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து போய் இன்ஸ்பெக்டர் அய்யாவிடம் சொன்னேன். "இனிமே இந்த ஃபைலை நீ தொடாதம்மா" என்று சொல்லிவிட்டு வேறொருவரிடம் கொடுத்தார். சாயங்காலம் தம்பியைக் கூட்டிவந்து எழுதி வாங்கி, ஸ்டேஷன் பெயிலில் விட்டார்கள்.

தம்பிக்கு 25 வயது. அப்பா போனபோது அவன் மூன்றாம் வகுப்பு. ஃபீஸிலிருந்து செருப்பு வரை என் சம்பளம்தான். காவலர் தேர்வு எழுதி, உடல்தகுதியும் முடித்து, போலீஸ் வெரிஃபிகேஷனுக்காகக் காத்திருந்தான். கேஸ் இருந்தால் எடுக்க மாட்டார்கள். "அவன் சட்டையை நீயே கழட்டிட்டியே" என்கிறார் அம்மா. அவன் ஒன்றும் குடிகாரன் இல்லை மேடம். சேர்க்கை சரியில்லாத நாளில் எப்போதாவது. போன வருஷம் டவுனில் வாகனத் தணிக்கையில் ஊதச் சொல்லி மாட்டிக்கொண்டபோதுகூட நான்தான் அங்கிருந்த எஸ்.ஐ. சாரிடம் போனில் ஒரு வார்த்தை சொன்னேன், அதெல்லாம் டிபார்ட்மெண்டில் எல்லோரும் செய்வதுதான், அது வேறு விஷயம். இந்தத் தடவை ஒரு மனுஷர் அடிபட்டுக் கிடக்கிறார். நான் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

என் கணவர், "ஒரு நாள் பொறுத்திருந்தா வேற யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்க, பழி உன் மேல வந்திருக்காது" என்கிறார். ஸ்டேஷனில் நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஒரு ஏட்டு, "சொந்தத் தம்பியையே விடல, நம்மள விடுவாங்களா" என்று என் காதுபடவே சொன்னார். தாய்மாமா ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோர் முன்பும், "மனுநீதிச் சோழன் பரம்பரை வந்திருக்கு, இலை போடுங்கப்பா" என்றார். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அம்மா கடைசியாக என்னிடம் பேசியது, "நான் உன்கிட்டதானே சொன்னேன், போலீஸ்கிட்டயா சொன்னேன்?" என்பதுதான். ஐந்து மாதமாக அது காதிலேயே இருக்கிறது. தூக்கம் இல்லை. நடுராத்திரி எழுந்து, ஏற்கெனவே அயர்ன் செய்த யூனிஃபார்மை மறுபடி அயர்ன் செய்கிறேன். சார்ஜ் ஷீட் எதுவரை வந்திருக்கிறது என்று அந்த ஃபைலை எட்டி எட்டிப் பார்க்கிறேன்.

மாசியில் மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம். தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். பத்திரிகையில் அவன் பெயரைப் போடுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை. நான் செய்தது தப்பா மேடம்?

(பெயர், ஊர் வேண்டாம்)

—

அன்புள்ள சகோதரிக்கு,

இன்ஸ்பெக்டரிடம் சொன்னது தப்பில்லை. அந்தத் துண்டு யாருடையது என்று தெரிந்த பிறகு ஒரு நாள் பொறுத்திருப்பதற்கு மறைப்பது என்றுதான் பெயர். உங்கள் கணவர் பாசத்தில் சொல்கிறார், ஆனால் அவர் சொல்வது நடக்கிற காரியம் இல்லை. அந்தக் கால் மணி நேரத்தில் நீங்கள் என்ன பாடு பட்டிருப்பீர்கள் என்று நினைத்தாலே எனக்கு மனசு கனக்கிறது.

ஆனால் தான் செய்தது சரி என்று நம்புகிற ஒருவர், அதற்காக ஐந்து மாதம் தூங்காமல் யூனிஃபார்மை அயர்ன் செய்துகொண்டிருக்க மாட்டார். அதனால் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். அம்மா, கணவர், ஏட்டு, மாமா, எல்லோரைப் பற்றியும் நிறுத்தி நிதானமாக எழுதியிருக்கிறீர்கள். போன வருஷத்து வாகனத் தணிக்கையை மட்டும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டீர்கள். "அது வேறு விஷயம்" என்று கதவையும் சாத்திவிட்டீர்கள். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் உங்கள் தூக்கம் இருக்கிறது.

அன்று என்ன நடந்திருக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வழக்கு. முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டுமேகூட விதிக்கலாம். அந்த ராத்திரி தணிக்கையில் உங்கள் தம்பிக்குப் பின்னால் ஒரு கொத்தனார் நின்றிருந்தால், அவர் பல நாள் கூலியைக் கட்டிவிட்டுத்தான் போயிருப்பார். அவருக்குப் போன் செய்ய ஒரு அக்கா இல்லை. டிபார்ட்மெண்டில் எல்லோரும் செய்வதுதான் என்கிறீர்கள். அப்படி யாரும் இல்லாதவர்கள் வந்து உட்கார்கிற பெஞ்சுக்கு எதிரில்தான் நீங்கள் தினமும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அபராதம் கட்டியிருந்தால் தம்பி திருந்தியிருப்பான் என்று நான் சொல்ல மாட்டேன். அது யாருக்கும் தெரியாது. ஆனால் அன்று அவன் ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான்: அக்கா இருக்கா, பார்த்துக்குவா. உங்கள் அம்மாவும் அதையேதான் கற்றுக்கொண்டார். ஆவணி மாதம் போனில் அவர் "நாய்" என்று சொன்னபோது, முழுசாகத் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, அதற்கு அடியில் இருந்தது அந்த நம்பிக்கைதான்.

இந்த இடத்தில் நான் உங்கள் அம்மா பக்கம்தான் கொஞ்சம் நிற்கிறேன், மன்னியுங்கள். "உன்கிட்டதானே சொன்னேன், போலீஸ்கிட்டயா சொன்னேன்" என்பது வெறும் கோபப் பேச்சு இல்லை. அதில் நியாயம் இருக்கிறது. மகள் வேறு, போலீஸ் வேறு என்ற கோட்டைப் போன வருஷம் ஒரு போனில் அழித்தவர் நீங்கள். இந்த வருஷம் ஒரு காலையில், யாரிடமும் சொல்லாமல், அதே கோட்டைத் திரும்பப் போட்டீர்கள். போட்டது சரிதான். ஆனால் அந்த வீட்டில் இரண்டு பேர் அது அழிந்துவிட்டது என்றே நம்பி அதன் மேல் நடந்துகொண்டிருந்தார்கள். உங்கள் 15 வருஷ நேர்மையைப் புரிந்துகொள்ளவில்லை என்று அவர்களைக் குறை சொல்கிறீர்கள். அவர்கள் பார்த்த நேர்மைக்கு வயது ஐந்து மாதம்.

அவனுடைய வேலை போனதற்கு நீங்கள் காரணம் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இடித்துவிட்டு நிற்காமல் போனது அவன். நீங்கள் வாய் மூடியிருந்தால், அந்த இண்டிகேட்டர் துண்டு யாருடையது என்று தெரிந்தே அவனைப் பரேடு மைதானத்தில் சல்யூட் அடிக்கப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு நீங்கள் இன்னும் எத்தனை யூனிஃபார்மை அயர்ன் செய்ய வேண்டியிருந்திருக்குமோ. உறவுக்காகச் சட்டம் கொஞ்சம் இடம் விடுகிற இடங்களும் உண்டு. குற்றம் செய்தவருக்கு அடைக்கலம் தருவது பற்றிய பிரிவு, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 249, கணவன் மனைவிக்கு விலக்குக் கொடுக்கிறது. அக்காவுக்குக் கொடுக்கவில்லை. கையில் வழக்குப் பதிவேடு இருக்கிற அக்காவுக்கு அது இன்னும் கஷ்டம். உங்களிடம் யாரும் இதைச் சொல்லி ஆறுதல் படுத்தவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

மாமா பந்தியில் சொன்னதற்கு வருகிறேன். திருவாரூர் கல்தேரைக் காட்டிக் கதை சொல்லும்போது எல்லோரும் ராஜாவைப் பற்றியும் தேர்க்காலில் போன பிள்ளையைப் பற்றியும்தான் பேசுவார்கள். மணியை அடித்தது பசு. கன்றைப் பறிகொடுத்த அந்தப் பசு அப்புறம் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது. நசுங்கின தூக்குவாளியை அவ்வளவு நெருக்கமாகப் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பெரியவர் இப்போது நடக்கிறாரா, மில் வேலை இருக்கிறதா, வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று ஒரு வரி இல்லை.

அவருக்காக நீங்கள் செய்தது ஒன்று உண்டு, அது உங்களுக்கே ஞாபகம் இல்லையோ என்னவோ. இடித்த வண்டி எது என்று தெரியாமலே போயிருந்தால், பலத்த காயத்துக்கு அரசுத் திட்டத்தில் கிடைப்பது 50,000 ரூபாய். வண்டி இன்னது என்று தெரிந்துவிட்டதால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் அவர் முழு இழப்பீடு கேட்கலாம். வைத்தியச் செலவு, போன கூலி, இனிமேல் உழைக்க முடியாமல் போவது எல்லாவற்றுக்கும் சேர்த்து. தம்பி வண்டியின் இன்சூரன்ஸ் காகிதங்களை இழுத்தடிக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஆஸ்பத்திரிக்கோ அவர் வீட்டுக்கோ போகாதீர்கள். ஆப்பிள் பையோடு போனாலும், போலீஸ்காரி தம்பிக்காகச் சமாதானம் பேச வந்திருக்கிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றும். பயப்படவும் செய்வார்.

அந்த ஃபைலை எட்டிப் பார்ப்பதை இன்றோடு விடுங்கள். இன்ஸ்பெக்டரிடம் போய், இந்த விசாரணையை வேறு ஸ்டேஷனுக்கு மாற்ற டி.எஸ்.பி.யிடம் கேட்கச் சொல்லுங்கள். இந்த ஃபைலைத் தொடாதே என்று உங்களிடம் சொன்னவர், இதையும் புரிந்துகொள்வார்.

பிறகு அம்மா வீட்டுக்குப் போங்கள். மஃப்டியில், மகளைக் கூட்டிக்கொள்ளாமல், தனியாக. இன்ஸ்பெக்டரிடம் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். கேட்டால் அது பொய்யாகிவிடும், அம்மாவுக்கும் அது தெரிந்துவிடும். போன வருஷம் போன் செய்ததற்குக் கேளுங்கள். தம்பியிடம், "அன்னைக்கு உன்னை விடச் சொன்னது என் தப்புடா" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீயும்" என்று ஆரம்பிக்காதீர்கள். பிள்ளை மாதிரி வளர்த்தவனிடம் அக்கா ஒருத்தி தோற்பது லேசு இல்லை, எனக்குத் தெரியும். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அம்மா அடுக்களைக்குள் போய்விடலாம். காபி கொடுத்தால் குடியுங்கள், கொடுக்காவிட்டால் சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வாருங்கள். அது உங்கள் வீடும்தான்.

பத்திரிகையில் தாய்மாமன் பெயரைப் போடுங்கள். ஆனால் பிரஸ்ஸுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவனிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.